மேய்ச்சல் புல்லுக்கு அடியில் மணல்: குழியைப் பார்த்து எழுதுவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: பல வருடங்களாகப் புல் நிற்கும் மேய்ச்சல் நிலத்தில் ஒரு மீட்டருக்குச் சற்று கூடுதலாகக் குழி வெட்டியிருக்கிறீர்கள். மேலே கருமண், அதற்கடியில் வெளுத்த சாம்பல் நிறம், பிறகு துரு போன்ற ஒரு பட்டை, கீழே மஞ்சள் மணல். எந்த அடுக்குக்கு என்ன பெயர், அந்த வெள்ளை உப்பா சுண்ணாம்பா, இதையெல்லாம் எப்படி முறையாக எழுதிவைப்பது?

பெயரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மண் அடுக்குகளுக்கு இடும் ஏ, ஈ, பி, சி (A, E, B, C: மேல்மண், வெளுத்தது, படிந்தது, அடிமண்) என்ற எழுத்துகள் கண்ணால் பார்த்தவை அல்ல, பார்த்ததிலிருந்து எடுத்த தீர்ப்பு. "ஈ அடுக்கு" என்று மட்டும் எழுதிவைத்தால், உங்கள் தீர்ப்பு தவறாக இருந்தால் குறிப்பு முழுவதும் வீண். "22 முதல் 45 செ.மீ. வரை, ஈரத்தில் வெளிர்சாம்பல், உதிரி மணல், வேர் அரிது" என்று எழுதியிருந்தால், பின்னால் வருகிற எவரும் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம், பார்த்தது அப்படியே இருக்கும். களிமண்ணில் கட்டிகளின் வடிவமே அடுக்குகளைப் பிரித்துக் காட்டிவிடும். மணலில் அந்த உதவி கிடையாது. நிறம், மணிகளின் மேல் பூச்சு இருக்கிறதா இல்லையா, வேர் எங்கே நிற்கிறது என்ற மூன்றை வைத்துத்தான் கோடு போட வேண்டும்.

குழியைப் பற்றி முதலில் ஓர் எச்சரிக்கை. காய்ந்த மணல் சொல்லாமல் சரியும். இடுப்புயரத்துக்கு மேல் செங்குத்தாக வெட்டிவிட்டு உள்ளே குனிந்து உட்காராதீர்கள். ஒரு பக்கத்தைப் படிப்படியாக வெட்டி, பார்க்கவேண்டிய சுவரை மட்டும் நேராக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே பார்க்க வேண்டுமானால் குழியின் தரையிலிருந்து கை துளைப்பானை இறக்கலாம். ஆனால் உதிரி மணலில் துளைப்பான் மேல்மண்ணையும் கீழ்மண்ணையும் கலந்து கொண்டுவரும், நீர்மட்டத்துக்குக் கீழே போனால் மண் கழன்று விழுந்துவிடும். அதனால் துளைப்பானில் பார்த்த ஆழங்களைத் தோராயம் என்றே குறியுங்கள்.

சுவர் சீரான வெளிச்சத்தில் இருக்கட்டும். பாதி வெயில் பாதி நிழல் இருந்தால் நிறம் ஏமாற்றும். மண்வெட்டி வழித்த சுவரில் மேல் கருமண் கீழே இழுபட்டு எல்லாம் ஒரே பழுப்பாகத் தெரியும். எனக்கு ஆரம்பத்தில் இரண்டு குழிகள் இப்படித்தான் வீணாயின, இல்லாத அடுக்கு ஒன்றை எழுதிவைத்திருந்தேன். கத்தி முனையால் மேலிருந்து கீழாகச் சிறிது சிறிதாகக் கொத்தி, புதிய முகத்தை வெளியே கொண்டுவாருங்கள். மணல் மிகவும் உதிர்ந்தால் தெளிப்பானால் லேசாக நீர் தெளித்தால் நிற்கும், நிறமும் துலங்கும். அப்புறம் அளவு நாடாவைத் தொங்கவிடுங்கள். சுழியம் எங்கே என்பதை முடிவு செய்வது முக்கியம்: புல்லின் அடித்தண்டு மண்ணைத் தொடும் இடம்தான் சுழியம், இலைகளின் உச்சி அல்ல.

இப்போது மேலிருந்து வருவோம். மேய்ச்சல் நிலத்தில் பலரும் "0–20 கருமண்" என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு இது பெரிய குறையாகப் படும். அந்த 20 செ.மீ.க்குள்தான் புல்லின் முக்கால் கதையும் இருக்கிறது. பெரும்பாலும் அதற்குள்ளேயே இரண்டு, மூன்று அடுக்கு இருக்கும். முதல் 3 முதல் 6 செ.மீ. வேர்ப்பாய்: வேரும் மண்ணும் பின்னிப் பிணைந்து, கையால் பிய்த்தால் கம்பளம்போல் வரும். தட்டினால் வேரில் சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டியிருக்கும். மணல்மண்ணில் உருண்டைக் கட்டமைப்பு ஓரளவாவது தெரிகிற ஒரே இடம் இதுதான். வேரும் பூஞ்சை இழையும் மட்கும் சேர்ந்து பிடித்துவைத்திருக்கின்றன. அதற்குக் கீழே அதே கருமண் உருண்டை இல்லாமல், தொட்டால் உதிர்வதாக மாறும். அங்கே ஒரு கோடு போடுங்கள்.

அந்தப் பாய்க்கு மேலே மட்காத பழைய புல், சருகு, வேர்த்தண்டு தனியாக ஒரு மெத்தையாகக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது மண்ணே அல்ல, தனி அடுக்காக எழுத வேண்டும். அமிலம் மிகுந்த மணலில் மண்புழு குறைவு, சருகைக் கீழே இழுக்க ஆள் இல்லை, அதனால் மெத்தை மேலேயே தங்கும். புழு நிறைந்த மண்ணில் இதற்கு நேர்மாறு. சார்ல்ஸ் டார்வின் தன் வீட்டருகே புல்வெளியில் 1842-ல் பரப்பப்பட்ட சுண்ணக்கட்டித் துண்டுகளை 29 வருடம் கழித்து 1871-ல் தோண்டிப் பார்த்தபோது, அவை 7 அங்குல ஆழத்தில் ஒரே வரிசையாகக் கிடந்தன. புழுக்கள் கீழிருந்து மண்ணைக் கொண்டுவந்து மேலே கொட்டி மூடியிருந்தன. உங்கள் குழியிலும் பழைய சுண்ணாம்புத் தூளோ கரித்துண்டுகளோ ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் வரிசையாகத் தெரிந்தால் அலட்சியம் செய்யாதீர்கள், அளந்து எழுதுங்கள்.

அடுத்து, கருமண்ணின் அடிக்கோட்டைப் பாருங்கள். அது ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் 15–25 செ.மீ. ஆழத்தில் நேராக வெட்டிக்கொண்டு போனால், அந்த நிலம் ஒரு காலத்தில் உழப்பட்டது என்று அடித்துச் சொல்லலாம். புல் போட்டு முப்பது நாற்பது வருடம் ஆனாலும் மணலில் அந்தக் கோடு அழிவதில்லை. இயற்கையாக உருவான எல்லை இவ்வளவு நேராக இருக்காது. உழவடுக்கு என்றால் எழுத்தில் ஏ உடன் ஒரு சிறு 'p' சேர்ப்பது (Ap) வழக்கம், இது பி (B) அடுக்கு அல்ல. உழவடுக்கின் மேல்பகுதி மட்டும் கூடுதல் கருப்பாக இருந்தால், அது புல் வந்த பிறகு சேர்ந்த மட்கு.

எல்லையின் கூர்மையையும் வடிவத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டும். நிறம் மாறி முடிவதற்கு எத்தனை செ.மீ. ஆகிறது என்று பாருங்கள். 2 செ.மீ.க்குள் மாறினால் திடீர் எல்லை, 2 முதல் 5 என்றால் தெளிவு, 5 முதல் 15 என்றால் படிப்படி, அதற்கும் மேல் என்றால் மங்கல். வடிவத்துக்கு நேர், அலை, நாக்கு, துண்டுபட்டது என்ற நான்கு சொற்கள் போதும்.

நிறத்துக்கு மன்செல் நிற அட்டை (மண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும் வண்ணச் சில்லுகள்) கிடைத்தால் நல்லது. "10 ஒய்ஆர் 3/2" என்பதில் முதல் பகுதி நிறச்சாயல் (ஒய்ஆர் என்றால் மஞ்சள்-சிவப்பு), 3 என்பது வெளிச்ச அளவு (0 கருப்பு, 10 வெள்ளை), 2 என்பது நிறத்தின் அழுத்தம். ஈரத்தில் ஒரு முறை, காய்ந்த பின் ஒரு முறை என இரண்டையும் எழுதுங்கள், இரண்டுக்கும் நடுவே வெளிச்ச அளவு இரண்டு படி வரை தாவலாம். அட்டை இல்லாவிட்டால் "ஈரமான கரும்பழுப்பு" என்று சாதாரணமாக எழுதி, ஒரு வெள்ளைத் தாளில் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு விரல் மண்ணைத் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். கைபேசிப் படத்தை விட அது நம்பகமானது.

மணலில் நிறம் செய்கிற ஒரு குறும்பையும் சொல்லிவிடுகிறேன். கருப்பாக இருந்தால் மட்கு நிறைய என்று நினைப்போம். மணல்மணிகளின் மொத்தப் பரப்பு குறைவு என்பதால் கொஞ்சம் மட்கே அத்தனை மணிகளையும் பூசிக் கருப்பாக்கிவிடும். அதே அளவு மட்கு களிமண்ணில் இருந்தால் கண்ணுக்கே தெரியாது. எனவே கருப்பை வைத்து வளத்தை மதிப்பிடாமல், கரிம அளவை ஆய்வகத்தில் பாருங்கள். ஒரு 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் உப்பும் மிளகும் கலந்ததுபோல் வெள்ளை மணிகளும் கருந்துகள்களும் தனித்தனியாகத் தெரிகிறதா, அல்லது எல்லா மணியும் கருப்புப் பூச்சோடு இருக்கிறதா? தனித்தனியாகத் தெரிந்தால் பூச்சு கழன்று கீழே போகத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

மண் நயத்தைக் கையால் பார்ப்பது எளிது. ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து உருண்டை பிடியுங்கள். உருண்டையே பிடிக்க வராவிட்டாலும், பிடித்தது தொட்டதும் உடைந்தாலும் சுத்த மணல். உருண்டை நின்று, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கும்போது நாடா வராமல் உடைந்தால் சிறிது களி கலந்த மணல். ஓரிரு செ.மீ. நாடா வந்தால் மணற்பாங்கான கலப்பு மண். விரலில் கறை ஒட்டினால் களியோ மட்கோ இருக்கிறது. அத்துடன் மணல் நைஸா, நடுத்தரமா, பருமனா என்பதையும் எழுதுங்கள். 0.25 மி.மீ.க்குக் கீழே நைஸ், 0.5க்கு மேல் பருமன். நைஸ் மணல் பருமணலை விட நீரை அதிகம் பிடிக்கும், ஆகவே இது வெறும் வர்ணனை அல்ல.

சரி, வெள்ளை அடுக்கு. உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை என்பதே என் ஊகம், ஆனால் சோதிக்காமல் விடாதீர்கள். சுண்ணாம்பு என்றால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டு விட்டதும் நுரைக்கும், கிளிஞ்சல் தூள் கலந்த கடலோர மணலில் நன்றாகவே நுரைக்கும். உப்பு என்றால் நீரில் கலக்கி மின்கடத்தும் திறனை அளந்தால் தெரிந்துவிடும். இரண்டும் இல்லையென்றால் லென்ஸை எடுங்கள். மணிகள் கண்ணாடித்துண்டுபோல் பளிச்சென்று, எந்தப் பூச்சும் இல்லாமல் இருக்கும். மட்கிலிருந்து வந்த அமிலங்கள் மணிகளின் மேல் இருந்த இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விட்டன, மிச்சம் வெறும் குவார்ட்ஸ். அப்படிப் போன சரக்கெல்லாம் கீழே படிந்த இடம்தான் உங்கள் துருப்பட்டை. வெளுத்தது ஈ அடுக்கு, படிந்தது பி அடுக்கு. இந்த ஜோடி தெளிவாக இருந்தால் அந்த மண்ணைப் பாட்சோல் என்பார்கள். ரஷ்ய மொழியில் 'பாட்' என்றால் கீழே, 'சோலா' என்றால் சாம்பல். உழவன் கலப்பை போட்டபோது அடியிலிருந்து சாம்பல் நிறம் வந்ததால் வைத்த பெயர்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. சாம்பல் நிறம் என்றதும் "நீர் தேங்குகிறது" என்று எழுதிவிடுவார்கள். களிமண்ணில் அது பெரும்பாலும் சரி. மணலில் இரும்பு கழுவிப் போயிருந்தாலே சாம்பல்தான், ஒரு நாளும் நீர் நிற்காத மேட்டிலும் அப்படித்தான் இருக்கும். நீர் தேங்கியதற்கு வேறு சாட்சி தேடுங்கள்: வேர்த்தடத்தை ஒட்டிய துருக்குழல்கள், சாம்பலில் தெறித்த ஆரஞ்சுத் திட்டுகள், அழுகிய முட்டை வாடை, குழியில் ஊறி நிற்கும் நீர்.

இன்னொன்று: இந்த வெளுப்பைப் பெரும்பாலும் புல் உண்டாக்கியிருக்காது. பாட்சோல் உருவாவதற்கு ஊசியிலைக் காடோ புதர்க்காடோ அமில மட்கைக் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கான வருடங்கள் பிடிக்கும். ஆக உங்கள் குழியின் மேற்பகுதி புல்லின் கணக்கு, நடுப்பகுதி அதற்கு முன் அங்கே நின்ற மரங்களின் கணக்கு. வெளுத்த அடுக்கு ஆங்காங்கே நாக்குபோல் ஆழமாக இறங்கியிருந்தால், நடுவில் கத்தியை விட்டுப் பாருங்கள். பழைய மரவேர் இருந்த தடமாக இருக்கலாம்.

துருப்பட்டையில் இரண்டு பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். மேலே ஒன்றிரண்டு விரல் அகலத்துக்குக் காப்பித்தூள் நிறம், கீழே ஆரஞ்சு. காப்பி நிறத்தில் படிந்தது மட்கு, ஆரஞ்சில் இரும்பும் அலுமினியமும். இந்தக் காப்பி நிறத்தை "புதைந்த பழைய மேல்மண்" என்று நினைத்து ஏமாறுவதும் சகஜம். வித்தியாசம் இப்படி: காற்றில் பறந்துவந்த மணல் மூடிய பழைய மேல்மண் என்றால் உள்ளே பழைய வேர்த்தடம், கரித்துகள், புழுவின் வளை தெரியும், அதற்கடியில் அதற்கே உரிய வெளுத்த அடுக்கும் இருக்கலாம். படிந்த மட்கு என்றால் மணிகளைச் சுற்றி வெடிப்புவிட்ட வார்னிஷ்போல் இருக்கும்.

பட்டையைக் கத்தியால் குத்துங்கள். சுலபமாக இறங்கினால் சரி. இறங்காமல் கல்போல் நின்றால், ஒரு துண்டை நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போடுங்கள். கரைந்துவிட்டால் வெறும் இறுக்கம், கரையாவிட்டால் இறுகிச் சிமெண்டான பட்டை. அதுதான் மழைக்காலத்தில் மேலே நீர் நிற்கவும், கோடையில் வேர் கீழே போகாமல் இருக்கவும் காரணம். தொடர்ச்சியாக இருக்கிறதா, விரிசல் உண்டா, விரிசலில் வேர் நுழைந்திருக்கிறதா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

நிறத்தில் தெரியாத தடையும் உண்டு, அதனால்தான் அது தப்பிவிடுகிறது. கால்நடைக் குளம்பு முதல் 10–15 செ.மீ.யை இறுக்கும், டிராக்டர் டயர் 20–40 செ.மீ. ஆழத்தை இறுக்கும். மணல் உதிரியாகத் தெரிந்தாலும், பெரிய மணிகளின் இடைவெளியில் சிறியவை அடைந்து நெருங்கினால் வேர் புக இடமிருக்காது. கன அடர்த்தி சி.சி.க்கு 1.8 கிராமைத் தாண்டினால் மணலில் வேர் நின்றுவிடும். கருவி வேண்டாம்: 5 செ.மீ.க்கு ஒருமுறை ஒரே அளவு அழுத்தத்தில் கத்தியைக் குத்திக்கொண்டே இறங்குங்கள், கை சொல்லிவிடும். வேர்கள் ஓர் ஆழத்தில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பினால் அதுவே சாட்சி.

வேரை "நிறைய, கொஞ்சம்" என்று எழுதாமல் எண்ணிவிடுங்கள். சுவரில் 1 சதுர செ.மீ. இடத்தில் 2 மி.மீ.க்கும் மெல்லிய வேர்கள் எத்தனை? ஐந்துக்கு மேல் என்றால் மிகுதி, ஒன்று முதல் ஐந்துக்குள் நடுத்தரம், ஒன்றுக்கும் குறைவு என்றால் அரிது. மூன்று நான்கு இடத்தில் எண்ணிச் சராசரி எடுங்கள். கடைசி வேர் எந்த ஆழத்தில் தெரிந்தது என்பதையும் தனியாகக் குறியுங்கள். எனக்கு முழுக் குறிப்பிலும் மிகவும் பயன்பட்ட எண் அதுதான். ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணலில் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் செடிக்குக் கிடைக்கும் நீர் 60 மி.மீ. அளவில்தான் இருக்கும். வேர் 40 செ.மீ.யோடு நின்றால் கையிருப்பு 24 மி.மீ. நல்ல வெயிலில் புல் நாளுக்கு 4–5 மி.மீ. குடிக்கும். ஐந்தாறு நாளில் கஜானா காலி. அதே மணலில் 80 செ.மீ. ஆழத்தில் சில மில்லிமீட்டர் பருமனுள்ள களிக்கோடுகள் நாலைந்து ஓடினால், அவற்றின் மேல் நீர் தங்கி நிலைமையே மாறிவிடும், வேர் அங்கே போக முடிந்தால். ஆகவே மஞ்சள் மணல் வந்ததும் "அடியில் எல்லாம் ஒன்றுதான்" என்று நிறுத்தாதீர்கள். செம்பழுப்புக் கோடுகள் கிடைமட்டமாக ஓடுகின்றனவா பாருங்கள், ஒவ்வொன்றின் பருமனையும் ஆழத்தையும் எழுதுங்கள்.

மழை பெய்த மறுநாள் இன்னொரு குழி வெட்ட முடிந்தால் வேறொரு காட்சி கிடைக்கும். ஈரம் சமமாக இறங்காமல் விரல் விரலாக இறங்கி, நடுவே காய்ந்த பைகள் அப்படியே இருக்கும். புல்லிலிருந்து வந்த மெழுகு மணிகளைப் பூசி, மணல் நீரை விலக்குகிறது. காய்ந்த மேல்மண்ணைச் சமப்படுத்தி ஒரு சொட்டு நீர் விட்டு நேரம் பாருங்கள். 5 விநாடிக்குள் உள்ளே போனால் கவலை இல்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் முத்துபோல் நின்றால் கடும் விலக்கம். இதை 0, 5, 10, 20 செ.மீ. ஆழங்களில் செய்து எழுதுங்கள். பெரும்பாலும் முதல் 10 செ.மீ.யில்தான் இருக்கும்.

ஆய்வகத்துக்கு மண் அனுப்பும்போது ஆழக்கணக்கில் எடுக்காமல் அடுக்குக்கணக்கில் எடுங்கள். வெளுத்ததும் துருவும் கலந்த மாதிரி யாருக்கும் உதவாது. வெளுத்த மணல் பாஸ்பரசைப் பிடிக்காது, வழியனுப்பிவிடும். ஆரஞ்சுப் பட்டையின் இரும்பும் அலுமினியமும் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். பொட்டாஷும் சல்பேட்டும் மணலில் மழையோடு இறங்கிவிடும். மாட்டுச் சிறுநீர் விழுந்த ஒரு திட்டில் ஹெக்டேருக்கு 500 முதல் 1,000 கிலோ தழைச்சத்து என்ற அளவுக்குக் குவியும், அதில் புல் எடுக்காதது நைட்ரேட்டாகக் கீழே போகும், போகும்போது மண்ணை அமிலமாக்கும். அதனால் அமில கார அளவை (pH) மேல்மண்ணில் மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல் 20–40 செ.மீ.யிலும் பாருங்கள். மேலே சுண்ணாம்பு போட்டு 6 இருக்கும் நிலத்தில் கீழே 4.5 இருப்பது அபூர்வமல்ல.

நீங்கள் சொன்ன குழியை நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும், எண்கள் மாதிரிக்குத்தான்:

0–5 செ.மீ.: ஈரத்தில் மிகக் கரும்பழுப்பு, சிறிது களி கலந்த நைஸ் மணல், பலவீனமான சிறு உருண்டைகள், மெல்லிய வேர் மிகுதி, காய்ந்தால் நீர் விலக்கும், தெளிவான நேர் எல்லை.

5–22 செ.மீ.: கரும்பழுப்பு, நைஸ் மணல், உதிரும், வெள்ளை மணிகள் தூவியதுபோல், வேர் நடுத்தரம், 14 செ.மீ.யில் கரித்துண்டுகள், திடீர் நேர் எல்லை (பழைய உழவு).

22–45 செ.மீ.: வெளிர்சாம்பல், பூச்சற்ற மணிகள், உதிரி, வேர் அரிது, திடீர், நாக்கு வடிவ எல்லை.

45–52 செ.மீ.: காப்பி நிறம், கத்தி சிரமப்பட்டு இறங்கும், துண்டு நீரில் கரையவில்லை, விரிசலில் மட்டும் வேர், அலை எல்லை.

52–80 செ.மீ.: ஆரஞ்சுப் பழுப்பு, இறுக்கமற்றது, கடைசி வேர் 61 செ.மீ.யில், படிப்படி எல்லை.

80–120 செ.மீ.: மஞ்சள் மணல், 93, 104 செ.மீ.யில் 4 மி.மீ. செம்பழுப்புக் களிக்கோடுகள், அமிலத்துக்கு நுரைக்கவில்லை.

இதற்கப்புறம் ஓரத்தில் பென்சிலால் எழுத்துகளைப் போடுங்கள்: ஏ, ஏ-உழவு, ஈ, மட்கு படிந்த பி, இரும்பு படிந்த பி, சி. பேனா வேண்டாம்.

ஒரே குழியோடு நிறுத்தவும் வேண்டாம். பாட்சோல் மணலில் வெளுத்த அடுக்கு இரண்டு மீட்டர் தள்ளி இரு மடங்கு ஆழமாகவோ காணாமலோ போகலாம். மேட்டில் ஒன்று, சரிவில் ஒன்று, தாழ்வில் ஒன்று என்று சிறு குழிகள் வெட்டி, கருமண்ணின் ஆழத்தையும் துருப்பட்டை தொடங்கும் ஆழத்தையும் மட்டும் ஒப்பிட்டாலே போதும்.

குழியை மூடும்போது எடுத்த வரிசையைத் தலைகீழாக்குங்கள்: மஞ்சள் முதலில், கருமண் கடைசியில், மேலே புல்பாய். அதற்காகத்தான் வெட்டும்போதே மண்ணைத் தனித்தனிக் குவியலாகப் போடச் சொல்வது. ஒவ்வொரு சாணுக்கும் மிதித்து இறுக்கி, தரையை விடச் சற்று மேடாகவே விடுங்கள், மழைக்கு இறங்கிவிடும். வேலை ஒரு நாளைத் தாண்டினால் இரவில் குழியைச் சுற்றி வேலி போடாமல் போகாதீர்கள், மாடு இருட்டில் ஓரத்தை மிதித்தால் மணல் தாங்காது.